123456789-ஐக் காகிதத்தில் அலசுவது எப்படி

பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. எண் விசைகளில் விரல் போகிற போக்கில் எல்லோரும் தட்டுகிற எண்தான். இதற்கு எத்தனை காரணிகள், இதைவிடச் சிறியவற்றில் இதோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை, இது இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகுமா, கணினிக்குள் இது எப்படி உட்காரும் என்பவற்றையெல்லாம் ஒரு தாள், ஒரு பேனா, முக்கால் மணி நேரம் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். இங்கே சொல்லும் வரிசை ஒன்பது, பத்து இலக்கமுள்ள எந்த எண்ணுக்கும் ஒத்துவரும்.

வேலையில் பெரும்பகுதி ஒரே இடத்தில்தான் இருக்கிறது: எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக உடைப்பது. அது முடிந்துவிட்டால் மற்றவை ஐந்து நிமிடக் கணக்குகள். அதனால் அவசரப்படாமல் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

முதலில் இலக்கங்களைப் பாருங்கள்

கடைசி இலக்கம் 9. எனவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 45. அது 9-ஆல் வகுபடுவதால் எண்ணும் 9-ஆல் வகுபடும். இந்த இடத்தில் பலரும் செய்கிற தவறு, "45 ஒன்பதால் வகுபடுகிறது, 27-ஆல் வகுபடவில்லை, ஆகவே எண்ணும் 27-ஆல் வகுபடாது" என்று முடிவு கட்டுவது. இலக்கக் கூட்டல் 3-க்கும் 9-க்கும் மட்டுமே செல்லும். 999 = 27 × 37 என்பதால், 27-ஐச் சோதிக்க எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்ட வேண்டும்: 123 + 456 + 789 = 1368; மறுபடி 1 + 368 = 369. இதை 27-ஆல் வகுத்தால் மீதி 18. ஆக 27 வகுக்காது, 9 மட்டும்தான். அதே 369-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 36, 37-உம் கழிந்தது. ஒரே கூட்டலில் இரண்டு சோதனை.

அடுத்து 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை. 7 × 11 × 13 = 1001 என்பதுதான் இதன் அடிப்படை. மும்மூன்று இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள்: 789 − 456 + 123 = 456. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 5, 13-ஆல் வகுத்தால் 1. மூன்றுமே வகுக்கவில்லை. வலது ஓரத்திலிருந்துதான் கூட்டலைத் தொடங்க வேண்டும். இடமிருந்து தொடங்கி, பிரிவுகளின் எண்ணிக்கையும் இரட்டையாக இருந்தால் குறி மாறிவிடும். வகுபடுமா என்பதை அது கெடுக்காது, ஆனால் மீதியைத் தவறாகக் காட்டும்.

மீதிகளைக் கிழித்துப் போட்டுவிடாமல் ஓரமாகக் குறித்து வையுங்கள். 17-ஆல் நேராக வகுத்தாலும் மீதி 1 வருகிறது (17 × 7262164 = 123456788). 7, 13, 17 மூன்றிலும் மீதி 1 என்றால், ஒன்று குறைந்த 123456788 இம்மூன்றாலும் வகுபடும் என்று பொருள். வகுத்துப் பார்த்தால் 123456788 = 2² × 7 × 13 × 17 × 71 × 281. பக்கத்து வீட்டு எண் உழைப்பில்லாமலே உடைந்துவிட்டது.

9-ஐ எடுத்த பின் மிஞ்சுவது

123456789 ÷ 9 = 13717421. இலக்கக் கூடுதல் 26, எனவே 3 இனி இல்லை. இந்த 13717421-தான் உண்மையான முடிச்சு.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த வழி, வர்க்கமூலம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது. இதன் வர்க்கமூலம் 3703-க்குச் சற்று மேல். அந்த வழியில் போனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்த பிறகுதான் விடை கிடைக்கும். கையால் செய்தால் ஒரு நாள் போய்விடும். நடுவில் ஒரு வகுத்தல் பிசகினாலும் அத்தனையும் வீண். எனவே 47 வரையுள்ள பதினைந்து பகா எண்களோடு இந்த வழியை நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த எண்ணுக்கு அவற்றில் 3-ஐத் தவிர ஒன்றும் கிடைக்காது. பிறகு பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் வழிக்கு மாறுங்கள்.

ஃபெர்மாவின் எண்ணம் எளிமையானது. ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் அது உடைந்துவிடும், ஏனென்றால் பெரியதன் வர்க்கத்திலிருந்து சிறியதன் வர்க்கத்தைக் கழித்தால் வருவது (பெரியது − சிறியது) × (பெரியது + சிறியது). ஆகவே வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் நம் எண்ணைக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வர்க்கமூலத்தைக் கையால் பிடிப்பது கடினமல்ல. 3700² = 13690000. நம் எண்ணுக்கு இன்னும் 27421 வேண்டும். அதை 3700-இன் இரட்டிப்பான 7400-ஆல் வகுத்தால் 3.7. எனவே வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7, தொடங்க வேண்டியது 3704.

3704² = 13719616. கழித்தால் 2195. இது வர்க்கமா? மூலம் எடுக்கவே வேண்டாம். 5-இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது. தள்ளுங்கள்.

அடுத்தது 3705. புதிதாக வர்க்கம் போடத் தேவையில்லை. அடுத்தடுத்த வர்க்கங்களின் வித்தியாசம் இரண்டு எண்களின் கூடுதலே: 3704 + 3705 = 7409. முன்பு மிஞ்சிய 2195-உடன் இதைக் கூட்டினால் 9604. அது 98².

இரண்டே படி. 3705 − 98 = 3607; 3705 + 98 = 3803. ஆகவே

13717421 = 3607 × 3803.

ஐந்நூறு வகுத்தல்கள் செய்ய வேண்டியதை ஒரு கூட்டல் முடித்துவிட்டது. ஃபெர்மாவே 1643-இல் எழுதிய கடிதத்தில் 2027651281 என்ற எண்ணை இப்படித்தான் பன்னிரண்டு படிகளில் 44021 × 46061 என்று உடைத்துக் காட்டினார்.

மிஞ்சும் எண் வர்க்கமா என்று கண்ணாலேயே சலிக்க ஒரு சிறு பட்டியலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்த வழியின் வேகமே இதில்தான் இருக்கிறது.

- 2, 3, 7, 8-இல் முடிந்தால் வர்க்கமே அல்ல.
- 1, 4, 9-இல் முடிந்தால் பத்துகள் இட இலக்கம் இரட்டையாக இருக்க வேண்டும்.
- 6-இல் முடிந்தால் பத்துகள் இட இலக்கம் ஒற்றையாக இருக்க வேண்டும்.
- 5-இல் முடிந்தால் 25; பூச்சியத்தில் முடிந்தால் 00.

இந்தச் சல்லடை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, 9-ஐ எடுக்காமல் முழு எண்ணிலேயே முயன்று பாருங்கள். 11111² = 123454321; நம் எண் அதைவிட 2468 மட்டுமே அதிகம் (இந்த 2468 கடைசியில் மறுபடி வரும்). எனவே 11112-இல் தொடங்க வேண்டும். மிஞ்சுபவை வரிசையாக 19755, 41980, 64207, 86436. முதலாவது 55-இல் முடிகிறது, இரண்டாவதில் ஒற்றைப் பூச்சியம், மூன்றாவது 7-இல் முடிகிறது. மூன்றும் பார்த்தவுடனே விழுந்துவிட்டன. நான்காவது 86436 = 294². ஆகவே 123456789 = 11115² − 294² = 10821 × 11409. இவை பகா எண்கள் அல்ல, ஒவ்வொன்றிலும் ஒரு 3 ஒளிந்திருக்கிறது. சிறு காரணிகளை முதலிலேயே எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்: வழி தோற்காது, ஆனால் பாதி உடைந்த காரணிகளைத் தரும்.

இந்த வழி எப்போது கைவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் இது வேகம். 685871-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அது 47 × 14593. ஃபெர்மா வழியில் 829-இல் தொடங்கி 7320 வரை, 6492 படிகள் ஏற வேண்டும். சாதாரண வகுத்தலிலோ 47 பதினைந்தாவது பகா எண்ணாகவே வந்துவிடும். ஆகவே முதலில் சிறு பகா எண்கள், பிறகு ஒரு இருபது படி ஃபெர்மா, அதற்கும் மசியாவிட்டால் கணினி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்கு இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவை மிக நெருங்கி இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

உடைந்த துண்டுகள் பகா எண்களா?

இதைச் சோதிக்காமல் தாண்டிப் போவதுதான் அடிக்கடி நேர்கிற பிழை. 3607-இன் வர்க்கமூலம் 60.06, எனவே 59 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். 7 முதல் 59 வரை மீதிகள் வரிசையாக 2, 10, 6, 3, 16, 19, 11, 11, 18, 40, 38, 35, 3, 8. எங்கும் பூச்சியம் இல்லை. 3803-க்கு 61 வரை போக வேண்டும்: 2, 8, 7, 12, 3, 8, 4, 21, 29, 31, 19, 43, 40, 27, 21. இங்கும் இல்லை. (2, 3, 5 மூன்றும் இலக்கங்களைப் பார்த்தாலே கழிந்துவிடும்.) நீங்கள் போட்ட கணக்கை இந்த மீதிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆக, 123456789 = 3² × 3607 × 3803.

எழுதிய பெருக்கலை இரண்டு விதமாகச் சரிபாருங்கள். 9-ஆல்: 3607-இன் இலக்கக் கூடுதல் 16, அதாவது 7, 3803-க்கு 14, அதாவது 5. 7 × 5 = 35, அதாவது 8. 13717421-க்கு 26, அதுவும் 8. சரி. ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது; கூடுதல் மாறாதே. அதற்குத்தான் 11-ஆல் ஒரு சோதனை. வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 3607-க்கு மீதி 10, 3803-க்கு 8; 10 × 8 = 80, மீதி 3. 13717421-க்கும் மீதி 3. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் மாறியிருந்தால் இது பிடித்துவிடும்.

காரணிகளிலிருந்து கிடைப்பவை

காரணிகளின் எண்ணிக்கை: அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 = 12. அவை 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 13717421, 41152263, 123456789. பன்னிரண்டு என்பது இவ்வளவு பெரிய எண்ணுக்கு மிகக் குறைவு. இதைவிடச் சிறிய 110270160-க்கு 800 காரணிகள் உண்டு, ஏனென்றால் அது 2⁴ × 3⁴ × 5 × 7 × 11 × 13 × 17. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களைத்தான் ராமானுஜன் 1915-இல் தனியாக ஆராய்ந்தார்.

ஆனால் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கையில் நம் எண் சராசரியானது. பெரும்பாலான எண்களுக்கு அந்த எண்ணிக்கை, எண்ணின் இயல் மடக்கைக்கு (ln) மறுபடி இயல் மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டியே இருக்கும் என்று ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் நிறுவினார்கள். நம் எண்ணுக்கு முதல் மடக்கை 18.63, இரண்டாவது 2.92. நமக்குக் கிடைத்தவை 3, 3607, 3803 என மூன்று.

காரணிகளின் கூடுதல்: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 178422816. முதல் அடைப்பில் 1 + 9 என்று மட்டும் எழுதி நடுவிலுள்ள 3-ஐ விட்டுவிடுவது வழக்கமான சறுக்கல். மேலே உள்ள பன்னிரண்டையும் நேராகக் கூட்டினால் இதே தொகை வர வேண்டும். எண்ணையே கழித்துவிட்டால் 54966027; எண்ணைவிடக் குறைவு. எனவே இது குறை எண்.

பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள்: 3²-க்கு 3 × 2 = 6; மற்ற இரண்டுக்கும் ஒன்று குறைத்து 3606, 3802. பெருக்கினால் 6 × 3606 × 3802 = 82260072. அதாவது 1 முதல் 123456789 வரையுள்ள எண்களில் இத்தனை எண்கள் இதோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை. மூன்றில் இரண்டு பங்கான 82304526-ஐவிடச் சற்றே குறைவு. 3607-உம் 3803-உம் பெரியவை என்பதால் அவை தட்டிப் பறிப்பது மிகக் கொஞ்சம்.

தலைகீழாக எழுதிய எண்ணோடு மீப்பெரு பொதுக் காரணி: 987654321-ஐ 123456789-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 9. மீதி 9 நம் எண்ணை மீதமின்றி வகுக்கும். யூக்ளிட் முறை இரண்டே வரியில் முடிந்தது, விடை 9.

முக்கோண எண்ணா (1, 1 + 2, 1 + 2 + 3 என்று அடுத்தடுத்த எண்களைக் கூட்டி வருவதா) என்று பார்க்க, 8-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்: 987654313. வர்க்கமாக இருந்தால்தான் முக்கோண எண். 3-இல் முடிகிறது, இல்லை.

கணினிக்குள்

இரும எண்ணாக மாற்ற 2-ஆல் இருபத்தேழு முறை வகுக்க வேண்டாம். 16-ஆல் வகுத்தால் ஏழு முறை. மீதிகள் வரிசையாக 5, 1, 13, 12, 11, 5, 7. கடைசியிலிருந்து முதலுக்கு, ஒவ்வொன்றையும் நான்கு இரும இலக்கங்களாக எழுதுங்கள்: 0111 0101 1011 1100 1101 0001 0101. தலைப் பூச்சியத்தை நீக்கினால் 27 இலக்கங்கள், அவற்றில் ஒன்றுகள் 16. நடுவில் வரும் 5-ஐ 101 என்றும் 1-ஐ வெறும் 1 என்றும் எழுதினால் எண் சுருங்கிப் பிழையாகிவிடும். 0101, 0001 என்று நான்கு இலக்கமாகவே எழுத வேண்டும்.

27 என்பது முக்கியமான அளவு. பிட் என்பது ஓர் இரும இலக்கம். 32 பிட் மிதவைப் புள்ளி (floating point) எண் வகையில் 24 பிட்டுக்குத்தான் துல்லியம் உண்டு. அதில் இந்த எண்ணைப் போட்டு வெளியே எடுத்தால் 123456792 என்று வரும். இந்த அளவில் அது எட்டெட்டாகத்தான் தாவும். 64 பிட் வகையில் எண் பத்திரமாக இருக்கும், ஆனால் அதன் வர்க்கம் இருக்காது. உண்மையான வர்க்கம் 15241578750190521. விரிதாள் பதினைந்து இலக்கங்களோடு நிறுத்தி 15241578750190500 என்று காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் 15241578750190520 என்று காட்டும். 9-இல் முடியும் எண்ணின் வர்க்கம் 1-இல்தான் முடியும் என்பது நினைவிருந்தால் இரண்டுமே தவறு என்று உடனே தெரியும். சரிபார்க்கப் பைத்தான் போன்ற, முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் அப்படியே வைத்திருக்கும் மொழியைப் பயன்படுத்துங்கள். அங்கும் வகுத்தலுக்கு ஒற்றைச் சாய்கோட்டைப் போட்டால் மிதவைப் புள்ளிக்கு மாறிவிடும். இரட்டைச் சாய்கோடுதான் முழு எண் வகுத்தல்.

வர்க்கங்களின் கூடுதலாக

நம் எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 (89-ஐ மட்டும் பார்த்தால் போதும்). 4-ஆல் வகுக்கையில் மீதி 1 வரும் பகா எண் எல்லாமே இரண்டு வர்க்கங்களின் கூடுதல் என்பதால், இதுவும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம்முடையது பகு எண். பகு எண்ணுக்கு விதி வேறு: 4-ஆல் வகுக்கையில் மீதி 3 வரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டை அடுக்கில் இருக்க வேண்டும். 3-க்கு அடுக்கு 2, பரவாயில்லை. 3607-க்கு மீதி 3, அடுக்கு 1. 3803-க்கும் அப்படியே. இரண்டும் தடுக்கின்றன, அவற்றின் மீதிகளான 3-உம் 3-உம் பெருகி 9 ஆனதால்தான் (9-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1) வெளியே மீதி 1 என்று தெரிந்தது. எனவே இரண்டு வர்க்கங்களால் முடியாது. மீதி 1 தரும் பகாக் காரணி ஒன்றுகூட இல்லாததால், முழு எண் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்துக்கு இது கர்ணமாகவும் இருக்க முடியாது.

மூன்று வர்க்கங்கள் என்றால்? லெஜாந்தர் தேற்றப்படி, 4-இன் அடுக்குகளை நீக்கிய பின் 8-ஆல் வகுக்கையில் மீதி 7 வந்தால்தான் முடியாது. 789-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. எனவே முடியும். ஆனால் முடியும் என்று சொல்லும் தேற்றம் எந்த மூன்று என்று சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். பெரிய வர்க்கம் ஒன்றைக் கழித்து, மிஞ்சுவது இரண்டு வர்க்கங்களாகுமா என்று பார்ப்பதே வழி. முன்பு ஓரமாக வைத்த 2468-ஐ எடுங்கள். 2468 = 4 × 617. 617 பகா எண், 4-ஆல் வகுக்க மீதி 1. ஆகவே கட்டாயம் உடையும். 617-இலிருந்து 1, 4, 9 என்று வர்க்கங்களைக் கழித்துக்கொண்டே போனால் 256-இல் 361 மிஞ்சும்: 617 = 16² + 19². 4 என்பது 2² என்பதால் இரண்டையும் இரட்டித்தால் 2468 = 32² + 38².

123456789 = 11111² + 38² + 32².

123454321 + 1444 + 1024. கூட்டிப் பாருங்கள்.